காபி டப்பாவில் தொடங்கிய ஆராய்ச்சி

இங்கிலாந்தில் பெட்போர்டு என்று ஓர் ஊர். அங்கே ஒரு டாக்டரின் மகன், காலி காபி டப்பாக்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பற்றவைத்து, உள்ளே கரித் துண்டுகளை நிரப்பி, ஐந்தடி உயரத்துக்கு ஒரு வடிகுழாய் செய்தான். பள்ளிக்கூடப் பையன். எழுத்துக் கூட்டிப் படிப்பதே அவனுக்குச் சிரமம்.

கலவையைக் கொதிக்க வைத்தால் ஆவி மேலே ஏறும், குளிரும், மறுபடி ஆவியாகும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிரியும். இந்த ஒரு படிக்குத் 'தட்டு' என்று பெயர். தட்டுகள் கூடக் கூடப் பிரிப்பு சுத்தமாகும். பையன் பெரியவனான பிறகும் இந்தக் கணக்கு அவனை விடவில்லை.

1910 மார்ச் 1-ந் தேதி லண்டனில் பிறந்த ஆர்ச்சர் மார்ட்டின்தான் அந்தப் பையன். கேம்பிரிட்ஜுக்கு ரசாயன என்ஜினீயர் ஆகத்தான் போனார். அங்கே பேராசிரியர் ஹால்டேன் அவரை உயிர்வேதியியல் பக்கம் திருப்பி விட்டார்.

1938-ல் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ரிச்சர்டு சிஞ் என்பவர் கூட்டாளி. கம்பளியில் உள்ள அமினோ அமிலங்களைத் தனித்தனியே பிரிக்க வேண்டும். இரண்டு திரவங்களை எதிரெதிராக ஓடவிடும் ஒரு யந்திரத்தை இருவரும் கட்டினார்கள். பொல்லாத யந்திரம் அது. அறை முழுக்கக் குளோரோபார நெடி. தூங்கி விழாமல் முறை வைத்துக் காவல் காக்க வேண்டியிருந்தது.

1940-ல் மார்ட்டினுக்கு ஒன்று புலப்பட்டது. இரண்டு திரவமும் ஏன் ஓட வேண்டும்? ஒன்று சும்மா நிற்கட்டுமே! சிலிக்கா ஜெல் துகளில் தண்ணீரை ஊற வைத்துக் குழாயில் அடைத்தார்கள். அதன் வழியே குளோரோபாரத்தை ஓடவிட்டார்கள். பிரிப்பு நடந்தது. 1941-ல் கட்டுரை வெளியாயிற்று. குழாயின் திறமையைத் 'தட்டு' எண்ணிக்கையில் அளக்கும் கணக்கும் அதில் இருந்தது. ஓடும் திரவத்துக்குப் பதில் வாயுவையே ஓடவிடலாம் என்றும் அதே கட்டுரையில் எழுதி வைத்தார்கள்.

கடைத்தெருவும் கூட்டமும்

வாயுவில் என்ன விசேஷம்? ஒரு கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். தெரு என்பது ஓடும் வாயு. கடைகள், நிற்கும் திரவம். டீ பிரியர்கள் கடைக்குக் கடை நுழைந்து பின்தங்குவார்கள். மற்றவர்கள் முன்னே போய்விடுவார்கள். பிரிப்பு என்பது இவ்வளவுதான்.

ஆனால் மூலக்கூறுகள் சும்மா நடப்பதில்லை. நாலா பக்கமும் அலையும். இதுதான் பரவல். கூட்டம் மிக மெதுவாக நகர்ந்தால், ஒரே இனத்தாரும் முன்னும் பின்னும் அலைந்து சிதறிவிடுவார்கள். மிக வேகமாக நகர்ந்தாலோ, கடைக்குள் இருப்பவன் வெளியே வருவதற்குள் கூட்டம் தூரம் போய்விடும். தெருவில் இருப்பவனுக்குக் கடைக்குள் நுழைய நேரமிராது. இரண்டிலும் தட்டு எண்ணிக்கை குறையும். பரவல் ஒரு பக்கம் கெடுக்கிறது, ஒரு பக்கம் காப்பாற்றுகிறது.

திரவத்தில் பரவல், தோளோடு தோள் இடிக்கும் திருவிழா நெரிசலில் நகர்வது போல. வாயுவில் அது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு வேகம். தெருவிலிருந்து கடை வாசலுக்கு நொடியில் போய்விடலாம். ஆகவே வேகமாக ஓட்டலாம், நீளமான குழாயும் வைக்கலாம்.

இவ்வளவு நல்ல யோசனை பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது! அச்சில் இருந்தது, எடுத்துச் செய்யத்தான் ஆள் இல்லை. யுத்த காலம் என்பது ஓரளவுக்குத்தான் சமாதானம். மார்ட்டினே 1944-ல் காகிதத்தில் பிரிக்கும் முறையைத் தோழர்களோடு கண்டுபிடித்து அந்தப் பக்கம் போய்விட்டார். பிறகு நாட்டிங்காமில் பூட்ஸ் மருந்துக் கம்பெனி, அதன்பின் லண்டன் மருத்துவ ஆராய்ச்சிப் பணி.

லண்டனில் டோனி ஜேம்ஸ் என்ற இளைஞர் அவருடன் வேலை செய்தார். எடுத்த வேலை சரிவராமல் சோர்ந்து போயிருந்தார். அவரைத் தேற்றத்தான் மார்ட்டின் பழைய வாயு யோசனையைத் தூசி தட்டி எடுத்தார். துகளில் சிலிக்கோன் எண்ணெயைத் தடவி, நைட்ரஜன் வாயுவை ஓடவிட்டார்கள். கொழுப்பு அமிலங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வெளியே வந்தன. 1952-ல் கட்டுரை வந்தது. அதே ஆண்டு மார்ட்டினுக்கும் சிஞ்சுக்கும் நோபல் பரிசு; ஆனால் அது 1941-ம் ஆண்டு வேலைக்கு.

பெட்ரோலியக் கம்பெனிகள் இந்த முறையை ஓடி வந்து பிடித்துக்கொண்டன. 1956-ல் ஆலந்து நாட்டு வான் டீம்டரும் ஷெல் கம்பெனித் தோழர்களும், எந்த வேகத்தில் ஓட்டினால் சிதறல் மிகக் குறைவு என்பதற்குச் சமன்பாடே எழுதினார்கள். 1958-ல் கோலே என்பவர் துகளையே நீக்கிவிட்டார். தலைமுடி போன்ற துளையுள்ள குழாய். உட்சுவரில் மெல்லிய திரவப் பூச்சு. கடையின் ஆழம் குறைந்தால் உள்ளே போனவன் சீக்கிரம் திரும்பி வருவான் அல்லவா? தட்டுகள் லட்சக் கணக்கில் ஏறின. பெட்ரோல் சோதனைக்கும், ரத்தத்தில் சாராயத்தின் அளவு பார்ப்பதற்கும் இன்று இந்த முறைதான்.

சிஞ் 1994-ல் இறந்தார். மார்ட்டின் 2002 ஜூலை 28-ந் தேதி, தமது 92-வது வயதில் காலமானார்.