மாட்டு வண்டியில் வந்த காமிரா

நாமக்கல் கோட்டை மலையைப் படம் பிடிக்க ஆசைப்பட்டவர்களுக்கு ஒரு சங்கடம் நன்றாகத் தெரிந்திருக்கும். ஆஞ்சநேயர் சந்நிதிக்குப் பக்கத்தில் நின்று காமிராவை உயர்த்தினால் பாறையின் வயிற்றுப் பாகம்தான் அகப்படுகிறது. உச்சியிலுள்ள கோட்டைச் சுவர் அறுபட்டுப் போகிறது. பின்னுக்கு நகர்ந்து போனாலோ கடைப் பலகைகளும் மின்சாரக் கம்பிகளும் குறுக்கே வந்து நிற்கின்றன. புதிதாகக் காமிரா வாங்கிய இளைஞர், கோளாறு லென்ஸில்தான் இருக்கிறது என்று தீர்மானித்து, வேறொரு லென்ஸின் விலையை விசாரிக்கக் கிளம்பி விடுகிறார்.

அவர் கிளம்புவதற்கு முன், இதே சேலம் சீமையில் ஏறக்குறைய 170 வருஷங்களுக்கு முன்பு காமிராவோடு அலைந்த ஒரு மனிதரின் கதையைக் கேட்டுவிட்டுப் போகலாம். அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். கும்பினியாரின் சென்னைப் பட்டாளத்தில் காப்டன். 1858-ல் அவர் வெளியிட்ட படத் தொகுதிகளில் ஒன்று ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களையும் பற்றியது. அந்நாளைய சேலம் ஜில்லா மிகப் பெரியது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ராயக்கோட்டையும் அதில் அடக்கம். நமது நாமக்கல் தாலுகாவும் அதில் அடக்கம்.

ட்ரைப் 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுகத்தில் பிறந்தவர். செடி கொடிகளுக்குப் பெயர் சூட்டிய ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் லின்னேயஸின் பெயரைத்தான் பெற்றோர் இவருக்கு வைத்தார்கள். மீசை அரும்பும் வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊழியம் பார்த்த பிறகு, 1850-ல் நீண்ட ரஜாவில் ஊர் திரும்பினார். அப்போதுதான் புகைப்படக் கலை என்ற புதிய வித்தை லண்டனில் எல்லோரையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ட்ரைப்பையும் பிடித்துக் கொண்டது. 1853-ல் லண்டன் போட்டோகிராபிச் சங்கத்தில் அங்கத்தினரானார். 1854-ல் பெங்களூர் திரும்பியபோது அவருடைய சாமான்களில் துப்பாக்கியோடு காமிராவும் இருந்தது.

அந்த வருஷக் கடைசியிலேயே ஹளேபீட்டுக்கும் பேலூருக்கும் போய் ஹொய்சளர் கோயில்களைப் படம் பிடித்தார். 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் 68 படங்களை வைத்து முதல் தரப் பதக்கம் வாங்கினார். அதே வருஷம் பர்மா அரசரின் சபைக்குத் தூது சென்ற கோஷ்டியோடு சர்க்கார் இவரைப் படம் பிடிக்க அனுப்பியது. இருநூறுக்கு மேற்பட்ட படங்களோடு திரும்பினார். 1856-ல் சென்னை சர்க்கார் இவரைத் தன் போட்டோகிராபராகவே நியமித்தது. கோயில்களும் அரண்மனைகளும் சிதைந்து போகுமுன் அவற்றைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை.

சூரியனும் பூதக் கண்ணாடியும்

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, லென்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பட்ட பாடு விளங்காது.

சிறு வயதில் பூதக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்காதவர் யார்? கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தும்போது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஒளி கடுகளவு புள்ளியாகச் சுருங்குகிறதல்லவா? கண்ணாடிக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம்தான் குவிய தூரம். கடைக்காரர்கள் 'போகல் லெங்த்' என்பது இதைத்தான். லென்ஸின் நெற்றியில் 50 என்றோ 85 என்றோ மில்லிமீட்டர் கணக்கில் பொறித்திருப்பதும் இதுவே.

இந்தத் தூரம் அதிகமானால் பிம்பம் பெரிதாக விழும். ஆனால் காட்சியின் சிறு பாகம்தான் படத்துக்குள் அடங்கும். குறைந்தால் பிம்பம் சிறுக்கும். காட்சி அகலமாக அடங்கும். ஜன்னலை ஒட்டி நின்றால் தெரு முழுவதும் தெரிவதும், அறையின் கோடிக்குப் போய்ப் பார்த்தால் எதிர்வீட்டுத் திண்ணை மட்டும் தெரிவதும் போலத்தான்.

எது நமது கண்ணுக்கு இயல்பாகப் படும் லென்ஸ் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. பிலிமோ காகிதமோ, எதில் படம் விழுகிறதோ அதன் மூலைக்கு மூலை நீளம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு குவிய தூரம் இருந்தால் இயல்பான தோற்றம். 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவில் படத்தின் அளவு 24-க்கு 36. மூலைக்கு மூலை 43 மில்லிமீட்டர். அதனால்தான் 50 மில்லிமீட்டர் லென்ஸைச் சாதாரண லென்ஸ் என்கிறோம்.

இனி ட்ரைப்பின் காமிராவைப் பாருங்கள். அதில் விழுந்த படம் சுமார் 12 அங்குலத்துக்கு 15 அங்குலம்! மூலைக்கு மூலை 19 அங்குலத்துக்குச் சற்று மேல். அப்படியானால் இயல்பான தோற்றத்துக்கு ஒன்றரை அடிக்கும் அதிகமான குவிய தூரம் வேண்டும். தூரத்துக் கோபுரத்தைப் படம் பிடிக்கையில் லென்ஸிலிருந்து காகிதம் அவ்வளவு தள்ளி இருக்க வேண்டுமாதலால், காமிராப் பெட்டியும் அத்தனை நீளமாகிறது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சங்கதியா அது?

ஏன் அவ்வளவு பெரிய காகிதம் என்று கேட்கலாம். சிறிய நெகடிவிலிருந்து பெரிய படம் போடும் வசதி அப்போது இல்லாததே காரணம். நெகடிவ் எத்தனை பெரிதோ, படமும் அத்தனை பெரிதுதான். நெகடிவைப் பதிவுக் காகிதத்தின் மேல் வைத்து அழுத்தி வெயிலில் காட்டுவார்கள். பெரிய படம் வேண்டுமா, பெரிய நெகடிவ் வேண்டும். அதற்கு நீண்ட குவிய தூரம். அதற்குப் பெரிய பெட்டி. பெட்டியைச் சுமக்க மாட்டு வண்டி. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இழுக்கும்.

இதோடு தொல்லை தீரவில்லை. குவிய தூரம் நீள நீள, முன்னால் இருக்கும் தூணும் பின்னால் இருக்கும் சுவரும் ஒருங்கே தெளிவாக விழுவது கடினம். லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் தெளிவு கூடும். ஆனால் வெளிச்சம் குறைந்து விடும். ட்ரைப் உபயோகித்தது மெழுகு ஏற்றிய காகித நெகடிவ். 1851-ல் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ க்ரே வெளியிட்ட முறை. முன்கூட்டியே தயார் செய்து எடுத்துச் செல்லலாம் என்பதால் யாத்திரைக்கு ஏற்றது. ஆனால் ஒளியை வாங்குவதில் மகா சோம்பேறி. எனவே லென்ஸை நிமிஷக் கணக்கில் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் நடந்து போகிறவர்கள் படத்தில் பதிவதே இல்லை. ட்ரைப்பின் படங்களில் கோயில் பிராகாரங்களும் வீதிகளும் பெரும்பாலும் ஆளரவமற்றுக் கிடப்பதைப் பார்த்து, ஊர் காலியாக இருந்ததோ என்று எண்ண வேண்டாம்.

ராயக்கோட்டையிலிருந்து தெற்கே

1857 டிசம்பர் மத்தியில் ட்ரைப் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வட இந்தியாவில் சிப்பாய்களின் பெரும் கிளர்ச்சி இன்னும் ஓயாத காலம். பட்டாளத்து மனிதர் ஒருவர் துப்பாக்கிக்குப் பதில் காமிராவோடு தெற்கே வந்தது விசித்திரம்தான். மருந்துக் குப்பிகளும் காகிதக் கட்டுகளும் காமிராவும் மாட்டு வண்டிகளில் ஏறின. முதலில் வந்தது ராயக்கோட்டை. 1791-ல் திப்பு சுல்தானிடமிருந்து வெள்ளையர் பிடித்த மலைக்கோட்டை அது. பின்னர் சேலம் ஜில்லாவைக் கடந்து ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி, 1858 ஏப்ரல் வாக்கில் சென்னை போய்ச் சேர்ந்தார். நாலரை மாதம்!

கோபுரத்தின் முன் நின்றபோது அவருக்கும் நமது நாமக்கல் இளைஞரின் சங்கடமேதான். கட்டடங்களுக்கு ஏற்ற அகலப் பார்வை லென்ஸ்கள் 1860-களில்தான் பரவத் தொடங்கின. கோபுரம் அடங்கவில்லையென்றால் ட்ரைப் செய்யக்கூடியது ஒன்றே: பின்னுக்கு நடப்பது. குறுக்கே வீடு இருந்தால் வேறு பக்கம் நடப்பது. திருச்சி மலைக்கோட்டையை அவர் பல திசைகளிலிருந்து பிடித்திருக்கிறார். எங்கே நிற்பது என்று தேடுவதிலேயே அவருடைய வித்தை முக்கால் பங்கு அடங்கியிருந்தது என்பது என் அபிப்பிராயம்.

நாமக்கல் மலைக்கே கணக்குப் போடலாம். பாறையின் உயரம் சுமார் 200 அடி. 19 அங்குல லென்ஸில் அது 8 அங்குல உயரமாக விழ வேண்டுமென்றால், 200-ஐ 19-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும்: 475 அடி தள்ளி நிற்க வேண்டும். இன்றைய 50 மில்லிமீட்டர் லென்ஸில் 20 மில்லிமீட்டர் உயரமாக விழுவதற்கு 500 அடி. ஆக, இளைஞரின் காமிராவும் ட்ரைப்பின் பூதப் பெட்டியும் இந்த விஷயத்தில் பங்காளிகளே. 25 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் 250 அடியில் நிற்கலாம். கைப்பேசியில் 1 என்ற குறியில் இருப்பது ஏறக்குறைய அப்படிப்பட்ட பார்வைதான். ஆகவே கைப்பேசிக்காரர் பாதித் தூரத்திலேயே மலையை மடக்கிவிடுகிறார்.

அப்படியானால் அகல லென்ஸே போதுமே, எதற்கு நடக்க வேண்டும்? இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். 250 அடியில் நின்று எடுத்த படத்திலும் 500 அடியில் நின்று எடுத்த படத்திலும் மலை ஒரே உயரமாக இருக்கலாம். ஆனால் மலைக்கு முன்னாலுள்ள வீடு? கிட்டே நிற்கும்போது வீடு பூதாகாரமாகி மலையை அமுக்கிவிடும். தள்ளிப் போகப் போக வீடு தன் அளவுக்குச் சுருங்கி, மலை அதன் பின்னால் கம்பீரமாக எழும்பும். இந்த மாறுதலைச் செய்வது லென்ஸ் அல்ல, நாம் நிற்கும் இடம். லென்ஸ் அந்தக் காட்சியில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்று மட்டும் தீர்மானிக்கிறது. முகத்தை அகல லென்ஸால் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரிகிறதே என்பார்கள். அதுவும் கிட்டே போனதன் பலன்தான். ஐந்தாறு அடி தள்ளி நின்று 85 மில்லிமீட்டரில் எடுத்தால் மூக்கு மூக்காக இருக்கும்.

21 துண்டுகள்

தஞ்சைப் பெரிய கோயிலில் ட்ரைப் செய்தது அசாத்தியமான காரியம். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை ஒரே நீளப் படமாக்க எண்ணினார். எந்த லென்ஸிலும் அது அடங்காது. எனவே பகுதி பகுதியாக 21 படங்கள் எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டினார். மொத்த நீளம் 19 அடிக்கு மேல். காமிராவை இடம் மாற்றும்போதெல்லாம் சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம் மாறாதிருந்தால்தான் எழுத்துகள் ஒரே அளவாக வந்து பொருந்தும். ஒரு சாண் பிசகினாலும் ஒரு துண்டில் எழுத்து பெருத்து, அடுத்ததில் சிறுத்துவிடும். இன்று கைப்பேசியை வீசிக் காட்டினால் நீளப் படம் தானாக ஒட்டிக்கொள்கிறது. அன்று அந்த வேலையை அளவுகோலும் பொறுமையும் செய்தன.

ஆகாயத்திலும் அவர் கை வைத்தார். அந்தக் காகிதத்துக்கு நீலம் வெள்ளையாகத்தான் தெரியும், வானம் வெறிச்சோடிவிடும். நெகடிவின் மேல் வர்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். மரங்களின் இலைகளையும் இப்படித் திருத்தியதுண்டு. இதைக் குற்றம் என்பவர்கள், கைப்பேசி நமக்குத் தெரியாமல் செய்கிற திருத்தங்களைக் கவனித்ததில்லை போலும்.

சென்னை சேர்ந்தபின், வால்டர் எலியட் துரை அமராவதியிலிருந்து கொண்டு வந்திருந்த பௌத்தச் சிற்பங்களையும் படம் பிடித்தார். அடுத்த வருஷமே அந்தச் சிற்பங்கள் கப்பலேறி லண்டன் போயின. தென்னாட்டை விட்டுப் போகுமுன் அவை இருந்த நிலையைக் காட்டுபவை அவர் எடுத்த படங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் இடி விழுந்தது. 1859-ல் சென்னைக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரவெலியன், கிளர்ச்சிக்குப் பின் கஜானா இருந்த இருப்பில் போட்டோ ஓர் ஆடம்பரம் என்று முடிவு கட்டினார். பெங்களூரில் இருந்த நிலையம் 1860-ல் மூடப்பட்டது. சிக்கனம் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஜில்லா ஜில்லாவாகப் போய் எடுத்திருக்க வேண்டிய படங்கள் எடுக்கப்படாமலே போயின. அதற்குப் பின் எத்தனை மண்டபங்கள் இடிந்தன, எத்தனை கோட்டைக் கற்கள் வீடு கட்டப் போயின என்பதை நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

ட்ரைப்புக்கு அப்போது 38 வயது. அதன் பின் அவர் காமிராவைத் தொட்டது மிகவும் குறைவு. பட்டாள வேலைக்கே திரும்பி, மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பட்டத்தோடு 1870-களில் ஓய்வு பெற்று, பிறந்த ஊரான டெவன்போர்ட்டுக்கே போய்ச் சேர்ந்தார். 1902 மார்ச்சில் காலமானார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு டாலர் விலையில், மாற்ற முடியாத ஒரே லென்ஸோடு, குழந்தைகளும் உபயோகிக்கும் பிரௌனி காமிராவை கோடாக் கம்பெனி விற்கத் தொடங்கியிருந்தது.

2014-லும் 2015-லும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெரிய கலைக்கூடங்கள் அவருடைய படங்களைத் திரட்டிக் கண்காட்சி வைத்தன.