லீவை ஸ்ட்ராஸ்: தையற்காரர் அல்லாத ஜீன்ஸ்காரர்

நம் குடியிருப்பின் எந்த மொட்டை மாடிக்குப் போனாலும் துணிக்கொடியில் இரண்டு ஜீன்ஸ் பேன்ட்டாவது தொங்கும். கல்லூரி மாணவி, வங்கி அதிகாரி, பணி ஓய்வு பெற்ற தாத்தா என்று யாருக்கும் விலக்கில்லாத உடையாக அது ஆகிவிட்டது. அடுத்த முறை மடித்து வைக்கும்போது பாக்கெட்டின் ஓரங்களைக் கவனியுங்கள். சின்னஞ்சிறு செப்புக் குமிழ்கள் தெரியும். ரிவிட் என்று சொல்வோம். இன்று அது அலங்காரம் போலத் தோன்றுகிறது. ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன் ஒரு கூலித் தொழிலாளியின் பேன்ட் கிழியாமல் இருப்பதற்காகத்தான் முதன்முதலில் அது அடிக்கப்பட்டது.

அந்தப் பேன்ட்டோடு உலகம் முழுவதும் சேர்த்துச் சொல்லப்படும் பெயர் லீவை ஸ்ட்ராஸ். அவர் தையற்காரர் அல்லர். ரிவிட் அடிக்கும் யோசனையும் அவருடையது அல்ல. அவர் துணிமணி விற்ற ஒரு மொத்த வியாபாரி. பிறகு எப்படி அவர் பெயர் நிலைத்தது? அந்தக் கதையில் பாராட்ட வேண்டியதும் உண்டு, மறைக்கக் கூடாத ஒரு கறையும் உண்டு.

சிற்றூரிலிருந்து கப்பலுக்கு

1829 பிப்ரவரி 26 அன்று, இன்றைய ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் உள்ள புட்டன்ஹைம் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லோப் ஸ்ட்ராஸ். தந்தை ஹிர்ஷ் ஊர் ஊராகச் சுற்றித் துணி விற்றவர். தாய் ரெபேக்கா, ஹிர்ஷின் இரண்டாவது மனைவி. மூத்த தாரத்துப் பிள்ளைகளும் சேர்ந்த பெரிய குடும்பம் அது.

அவர்கள் யூதர்கள். அந்நாளில் பவேரியாவின் ஓர் ஊரில் எத்தனை யூதக் குடும்பங்கள் இருக்கலாம் என்பதற்கே சட்டம் வரம்பு வைத்திருந்தது. அரசின் பதிவேட்டில் ஓர் இடம் காலியானால்தான் ஓர் இளைஞர் திருமணம் செய்துகொண்டு அந்த ஊரில் தனிக் குடும்பமாக வாழ முடியும். பிறந்த மண்ணிலேயே எண்ணி வைக்கப்பட்டவர்களாக வாழ்ந்ததால், பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். லோபின் அண்ணன்கள் ஜோனாஸும் லூயிஸும் அப்படி நியூயார்க் போய்த் துணி வியாபாரம் தொடங்கியிருந்தார்கள்.

1846இல் தந்தை காசநோயால் இறந்தார். 18 வயது லோப், தாயுடனும் சகோதரிகளுடனும் அண்ணன்களிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே தொழில் பழகினார். அமெரிக்கர்களின் வாய்க்கு எளிதாக இருக்க லோப் என்ற பெயர் லீவை ஆனது.

தங்கம் தேடாதவர்

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியது. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் மண்வெட்டியோடு ஓடினார்கள். லீவை மண்ணைத் தோண்டப் போகவில்லை. தோண்டப் போனவர்களுக்கு உடுப்பு வேண்டும், போர்வை வேண்டும், கைக்குட்டையும் சீப்பும் வேண்டும் என்பதை அவர் குடும்பம் புரிந்துவைத்திருந்தது. 1853இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற கையோடு, பனாமா வழியாகக் கடற்பயணம் செய்து சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கினார். பனாமாக் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஒரு கடலில் இறங்கி, நிலத்தைக் கடந்து, மறு கடலில் இன்னொரு கப்பல் ஏற வேண்டும்.

நியூயார்க்கிலிருந்து அண்ணன்கள் சரக்கு அனுப்புவார்கள். லீவை அதைச் சிறு கடைக்காரர்களுக்கு மொத்தமாக விற்பார். சகோதரி ஃபானியின் கணவர் டேவிட் ஸ்டெர்னும் தொழிலில் சேர்ந்தார். லீவை கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. ஃபானியின் குடும்பமே அவர் குடும்பமாக இருந்தது.

இந்த இடத்தில் பலரும் கேள்விப்பட்ட ஒரு கதையைச் சொல்ல வேண்டும். கூடாரம் அடிக்கக் கொண்டுவந்த கித்தான் துணி விற்காமல் போக, அதையே வெட்டிச் சுரங்கக்காரர்களுக்குப் பேன்ட் தைத்து லீவை பணக்காரர் ஆனார் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. 1906ஆம் ஆண்டின் பூகம்பத்திலும் தீயிலும் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் அழிந்துவிட்டன. அந்த வெற்றிடத்தில்தான் இந்தக் கற்பனைகள் முளைத்தன. உண்மையில் லீவை சுமார் 20 ஆண்டுகள் சாதாரணத் துணிமணி வியாபாரியாகவே இருந்தார். ஜீன்ஸ் அவர் வாழ்க்கையில் வந்தது 40 வயதுக்கு மேல்தான். அதுவும் தபாலில் வந்தது.

ஒரு தையற்காரரின் கடிதம்

நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ரயில்வே ஊர். அங்கே ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இருந்தார். அவரும் யூதர். லாட்வியாவின் ரீகா நகரில் பிறந்து அமெரிக்கா வந்தவர். கூடாரம், வண்டி மூடுதுணி, குதிரைப் போர்வை ஆகியவற்றைத் தைப்பது அவர் வேலை. அதற்கு வேண்டிய முரட்டுத் துணியை லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்திடம் வாங்கிவந்தார்.

1870ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பெண்மணி அவரிடம் வந்தார். அவருடைய கணவர் கூலித் தொழிலாளி. எந்தப் பேன்ட் போட்டாலும் சீக்கிரம் கிழிந்துவிடுகிறது, உறுதியாக ஒன்று தைத்துத் தர வேண்டும் என்று கேட்டார். பேசிய விலை 3 டாலர். தைத்து முடித்தபோது, குதிரைப் போர்வையின் வார்களைப் பொருத்தப் பயன்படும் செப்பு ரிவிட்டுகள் மேசைமேல் கிடந்தன. பாக்கெட் ஓரங்களில்தான் தையல் முதலில் விடும் என்பது டேவிஸுக்குத் தெரியும். கையில் ஏதாவது திணிக்கும்போதெல்லாம் இழுபடும் இடம் அது. அங்கே ரிவிட்டை வைத்து அடித்தார். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு!

அந்தப் பேன்ட் கிழியவில்லை. பார்த்தவர்கள் கேட்டு வந்தார்கள். ஒன்றரை ஆண்டில் சுமார் 200 உருப்படிகள் விற்றன. மற்றவர்கள் பார்த்துச் செய்யத் தொடங்கும் முன் காப்புரிமை வாங்க டேவிஸ் நினைத்தார். கட்டணம் 68 டாலர். அதற்கு முன்னும் வேறு சில கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கிப் பணத்தை இழந்திருந்தார். இன்னொரு முறை வேண்டாம் என்று மனைவி தடுத்துவிட்டார். பிள்ளைகள் உள்ள வீட்டில் எந்த இல்லத்தரசியும் அதைத்தானே சொல்வார்?

டேவிஸுக்கு ஆங்கிலம் எழுதுவது சரளமில்லை. ஊர் மருந்துக்கடைக்காரரின் உதவியோடு 1872இல் லீவை ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மாதிரிப் பேன்ட்டுகளையும் அனுப்பினார். கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள், உரிமையில் பாதி உங்களுக்கு என்பது கடிதத்தின் சாரம்.

லீவை நினைத்திருந்தால் அந்த மாதிரியை வைத்துக்கொண்டு, கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். துணியும் பணமும் ஆள்பலமும் அவரிடம் இருந்தன. அனுப்பியவரோ தூரத்து ஊரில் ஓர் ஏழைத் தையற்காரர். ஆனால் லீவை பதில் எழுதினார், பணம் கட்டினார். ராணுவக் காலணிகளில் ஏற்கெனவே ரிவிட் இருக்கிறது என்பது போன்ற காரணங்களைச் சொல்லிக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பியது. திருத்தித் திருத்தி மீண்டும் அனுப்பினார்கள். 1873 மே 20 அன்று 139,121 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அந்த நாளையே ஜீன்ஸின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். டேவிஸைக் குடும்பத்தோடு சான் பிரான்சிஸ்கோவுக்கு வரவழைத்து, உற்பத்திப் பொறுப்பையும் லீவை அவரிடமே ஒப்படைத்தார்.

வெளுத்தாலும் அழகு

பேன்ட்டுக்கு அவர்கள் தேர்ந்த துணிகளில் நின்று நிலைத்தது டெனிம். பாவு நூலை மட்டும் நீலத்தில் தோய்த்து, ஊடை நூலை வெள்ளையாகவே விட்டு, சாய்கோடு விழும்படி நெருக்கமாக நெய்வது டெனிம். அதனால்தான் ஜீன்ஸின் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுப்பாகவும் இருக்கிறது. அவுரி நீலம் நூலின் நடுப்பகுதிவரை ஊறாது, மேலே மட்டும் படியும். உரசும் இடங்களில் அது உதிர, உள்ளே இருக்கும் வெள்ளை தெரிகிறது. முழங்காலும் தொடையும் வெளுப்பது இதனால்தான். ஒரு காலத்தில் அது உழைப்பின் தடம். இன்று கடையிலேயே வெளுக்க வைத்து அதற்குத் தனி விலை சொல்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. செயற்கை நீலம் 1897இல்தான் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தது. அதுவரை உலகச் சந்தையின் நீலச்சாயத்தில் பெரும்பங்கு வங்காளம், பீகார் அவுரித் தோட்டங்களிலிருந்து போனது. 1917இல் காந்தியடிகள் சம்பாரணில் போராடியது அந்த அவுரி விவசாயிகளுக்காகத்தான். முரட்டு உடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் டங்கரீஸ் என்ற சொல்கூட மும்பையின் டோங்ரிப் பகுதியில் விற்ற முரட்டுப் பருத்தித் துணியிலிருந்து போனதுதான்.

மறைக்கக் கூடாத கறை

லீவை தம் ஊழியர்கள் தம்மைப் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்று விரும்பியவர். மத வேறுபாடு பாராமல் அநாதை இல்லங்களுக்குக் கொடுத்தவர். 1897இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 28 மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தியவர். இத்தனையும் உண்மை.

இன்னொன்றும் உண்மை. கலிபோர்னியாவின் ரயில் பாதைகளை உயிரைக் கொடுத்துப் போட்டவர்கள் சீனத் தொழிலாளர்கள். பாதை முடிந்ததும் அவர்கள்மேல் வெறுப்பு கிளம்பியது. 1877இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதையே சட்டம் தடுத்தது. அந்தச் சூழலில் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம் தன் ஆலையில் சீனர்களைச் சேர்ப்பதில்லை என்ற கொள்கையை வைத்திருந்தது. அதோடு நிற்காமல், இது வெள்ளையர் கையால் மட்டுமே தயாரானது என்று விளம்பரமும் செய்தது.

2022இல் அமெரிக்காவில் ஒரு பழைய ஜீன்ஸ் ஏலத்துக்கு வந்தது. கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தில் கிடைத்த, 1880களின் லீவைஸ் பேன்ட் அது. 76,000 டாலருக்கு மேல் போனது. அதன் பாக்கெட்டின் உள்பக்கம் அந்த விளம்பர வாசகம் இன்னும் அழியாமல் இருந்தது. எத்தனை யூதர்கள் ஓர் ஊரில் இருக்கலாம் என்று எண்ணி வைத்த நாட்டிலிருந்து தப்பி வந்தவரின் நிறுவனம், இன்னொரு மக்களை வாசலில் நிறுத்தியது. துன்பப்பட்டவர் பிறர் துன்பத்தை உணர்வார் என்று நாம் நம்புகிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

பெயர் நின்றது

1890இல் காப்புரிமைக் காலம் முடிந்தது. யார் வேண்டுமானாலும் ரிவிட் அடித்துத் தைக்கலாம் என்றானது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் அவர்கள் பேன்ட்டுக்கு 501 என்ற எண் வந்தது. இரண்டு குதிரைகள் இழுத்தும் கிழியாத பேன்ட் படம் பொறித்த தோல் பட்டையை 1886லேயே இடுப்பில் தைத்திருந்தார்கள். எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்கலாம்.

1902 செப்டம்பர் 26 அன்று, 73ஆம் வயதில் லீவை காலமானார். இறுதிச் சடங்கு நாளில் நகர வணிகர்கள் கடைகளை மூடினார்கள். தொழில் ஃபானியின் நான்கு மகன்களுக்குப் போனது.

அவர் அந்தப் பேன்ட்டை ஜீன்ஸ் என்று அழைத்ததே இல்லை. தொழிலாளிகளின் மேலுடை என்ற பொருளில் ஓவரால்ஸ் என்பதுதான் வழக்கு. மற்றதெல்லாம் பிறகு வந்தது. 1922இல் பெல்ட் வளையம் சேர்ந்தது. 1934இல் பெண்களுக்கென்று தனியாகத் தைத்தார்கள். நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகிறது என்ற புகாரால் 1937இல் பின் பாக்கெட் ரிவிட்டுகளைத் துணிக்குள் மறைத்தார்கள். 1953இல் மார்லன் பிராண்டோ திரையில் ஜீன்ஸ் அணிந்து வந்ததும், அது இளைஞர்களின் அடங்காமைக்கு அடையாளமானது. சில பள்ளிகள் தடைகூடப் போட்டன. ஜீன்ஸ் என்ற சொல்லை நிறுவனமே தன் விளம்பரத்தில் எடுத்துக்கொண்டது 1960இல்தான். முன்பக்கம் இன்றும் இருக்கும் அந்தக் குட்டிப் பாக்கெட், சங்கிலிக் கடிகாரம் வைப்பதற்காகத் தைத்தது. கடிகாரம் மணிக்கட்டுக்குப் போய்விட்டது, பாக்கெட் போகவில்லை.

ஜேக்கப் டேவிஸ் கடைசிவரை சான் பிரான்சிஸ்கோவிலேயே இருந்து 1908இல் இறந்தார். அவர் பேரன் 1935இல் தொடங்கிய பென் டேவிஸ் என்ற தொழிலாளர் உடை நிறுவனம் அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உலகம் வாங்கும் பேன்ட்டில் இருப்பது லீவையின் பெயர். ஆனால் 1873ஆம் ஆண்டின் காப்புரிமை ஆவணத்தில், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இன்றும் இருப்பது அந்த ரீனோ தையற்காரரின் பெயர்தான்.