கற்கண்டு கொடுத்த கிழவர்

திருத்தணி மலைக்கு 365 படி. போன செமஸ்டர் லீவில் ஏறும்போது பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அழுக்கு வேட்டி, பல நாள் தாடி. ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். முகத்தைக்கூடப் பார்க்காமல் சில்லறை இல்லைன்னு சொல்லிட்டேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவே இல்லை. கீழே விழுந்து கிடந்த என் காலேஜ் ஐடி கார்டைத்தான் எடுத்து நீட்டியிருக்கிறார்.

இதே மலையில் இன்னொரு பெரியவரைப் பற்றி ஒரு கதை உண்டு, தெரியுமா? அது முத்துசுவாமி தீட்சிதரின் கதை.

1775-இல் திருவாரூரில் பிறந்தவர். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் வயதில் இளையவர். அப்பா ராமசுவாமி தீட்சிதர்தான் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர். முத்துசுவாமி இளம் வயதில் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போய், சில வருஷம் அவரிடம் கற்றார். திரும்பி வந்தபின் திருத்தணிக்கு வந்து தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது யாரோ ஒரு கிழவர் வந்து வாயைத் திறக்கச் சொன்னாராம். நீ யாரு, எந்த ஊருன்னு தீட்சிதர் விசாரித்ததாகக் கதையில் இல்லை. திறந்தார். நாக்கில் கற்கண்டை வைத்துவிட்டுக் கிழவர் மறைந்துவிட்டாராம். வந்தவர் முருகன்தான் என்று நம்பி, மாயாமாளவகௌளையில் தன் முதல் கிருதியான ஸ்ரீநாதாதி குருகுஹோவைப் பாடினார். குருகுஹ என்பதே கடைசிவரை அவர் முத்திரை ஆனது.

கதையை நம்புவது உங்க இஷ்டம். ஆனால் சாமி மாறுவேஷத்தில் வரலாம்னு நினைத்து எல்லாரையும் மதிப்பது லாட்டரி டிக்கெட் வாங்குற மாதிரி. எனக்கு அவர் வாழ்ந்த விதம்தான் பெரிதாகப் படுகிறது.

குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது, கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்நியச் சத்தம் என்று காதைப் பொத்தவில்லை. அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டு ஸ்வரம் என்று நாம் சொல்லும் ஏறக்குறைய 40 பாட்டுகள் அப்படி வந்தவை. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டுதான் சந்ததம் பாஹிமாம் ஆனது! தம்பி பாலுசுவாமி வயலின் கற்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியைப் பார்ப்பதே அபூர்வம்.

மாணவர்களிடமும் அப்படித்தான். சாதிப் பாகுபாடு கடுமையாக இருந்த காலம் அது. கோயிலில் மத்தளம் வாசித்த தம்பியப்பன், நடனமாடிய கமலம், தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்.

நெற்றி நிறைய விபூதி, கையில் வீணை. அவர் படத்தைப் பார்த்து, புதுசா எதையும் கிட்ட சேர்க்காதவர்னுதான் நானும் நினைத்திருந்தேன். அதுவும் தோற்றத்தை வைத்துப் போட்ட கணக்குதானே!

1835-இல் ஒரு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் காலமானார். சமாதி அங்கேயே இருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். என் பெரியவர் மறையவில்லை. நாலு படி கீழே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் மன்னிப்பு கேட்டிருக்கலாம். கூச்சப்பட்டுக்கொண்டு மேலே ஏறிவிட்டேன். நீங்கள் போனால் நாலு படி இறங்கிவிடுங்கள்.