கிச்சின் புனாகோசி

கிச்சின் புனாகோசி (நவம்பர் 10, 1868 – ஏப்ரல் 26, 1957) ஒகினவாத் தீவில் பிறந்த கராத்தே ஆசான் ஆவார். ஒகினவாவில் மட்டுமே பயிலப்பட்டு வந்த கராத்தேயை ஜப்பானின் முதன்மைத் தீவுக்குக் கொண்டு சென்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர். சோட்டோகான் எனும் கராத்தேப் பிரிவு இவரது வழிவந்தது. கராத்தேயில் டான் எனப்படும் தரநிலையை முதன்முதலில் வழங்கியவரும் இவரே. ஆயினும், இவர் இக்கலையைக் கற்ற காலத்தில் அதில் தரநிலைகளோ நிறப் பட்டைகளோ இருக்கவில்லை.

இளமையும் பயிற்சியும்

புனாகோசி, ரியூக்கியூ அரசின் தலைநகராக விளங்கிய சூரியில் பிறந்தார். 1879 இல் அவ்வரசு ஜப்பானுடன் இணைக்கப்பட்டது. மருத்துவம் பயில விரும்பினார். ஆனால் மரபான உச்சிக் குடுமியை நீக்க அவரது குடும்பம் இசையாததால் அது கைகூடவில்லை. பின்னர் பள்ளி ஆசிரியரானார்.

இவரது ஆசான்கள் அன்கோ அசாத்தோ, அன்கோ இத்தோசு ஆகியோர். அக்காலத்தில் கராத்தே பெரும்பாலும் மறைவாக, இரவு நேரங்களில் கற்பிக்கப்பட்டது. பயிற்சியின் அடிப்படை கத்தா ஆகும். கத்தா என்பது வரையறுக்கப்பட்ட தாக்குதல், தடுப்பு அசைவுகளின் தொடர். தெக்கி எனப்படும் மூன்று கத்தாக்களை மட்டும் கற்பதற்குப் புனாகோசிக்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆயின. ஆசானின் நிறைவே அன்றைய ஒரே தேர்வு. அடுத்த கத்தாவைக் கற்பிக்கத் தொடங்குவதே அதில் தேறியதற்கான அடையாளம்.

டோக்கியோவில் கராத்தே

1922 இல் டோக்கியோவில் நடைபெற்ற உடற்கல்விக் கண்காட்சியில் புனாகோசி கராத்தேயை விளக்கிக் காட்டினார். அதன்பின் ஜூடோவை நிறுவிய சிகோரோ கானோ, தமது கோடோகான் பயிற்சிக்கூடத்துக்கு இவரை அழைத்தார். 53 வயதில் ஒகினவாவை விட்டு வந்த புனாகோசி, டோக்கியோவிலேயே தங்கிக் கற்பிக்கத் தொடங்கினார்.

கானோ 1883 இலேயே ஜூடோவில் டான் முறையைப் புகுத்தியிருந்தார். புனாகோசி அம்முறையையும், ஜூடோ சீருடையை ஒத்த வெள்ளைச் சீருடையையும் கராத்தேக்கு ஏற்றுக்கொண்டார். 1924 ஏப்ரலில் தம் மாணவர் சிலருக்கு முதல் டான் வழங்கினார். பின்னாளில் வாடோ-ரியூ பிரிவை நிறுவிய இரோனோரி ஓட்சுகா, சின்கென் கிமா ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அதே ஆண்டில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் சேரும் இத்தகைய மன்றங்களில், யார் எதுவரை கற்றுள்ளார் என்பதை அறியத் தரநிலைகள் பயன்பட்டன.

தரநிலை முறை

கராத்தேத் தரநிலைகள் இரு பகுதிகளை உடையன. கறுப்புப் பட்டைக்கு முந்தையவை கியூ எனப்படும். இவை பெரிய எண்ணிலிருந்து ஒன்றை நோக்கி இறங்குவரிசையில் எண்ணப்படும். கறுப்புப் பட்டையுடன் தொடங்கும் டான் நிலைகள் ஒன்றிலிருந்து மேல்நோக்கி எண்ணப்படும். தேர்வில் அடிப்படை அசைவுகள், கத்தா, இணையருடன் மோதும் குமித்தே ஆகிய மூன்றும் பார்க்கப்படுகின்றன. சோட்டோகான் பிரிவில் தொடக்கநிலைத் தேர்வுகளுக்கு எயான் எனும் ஐந்து கத்தாக்கள் பயன்படுகின்றன. இவை இத்தோசு பள்ளி மாணவர்களுக்காக வகுத்தவை. இப்பெயரை இட்டவர் புனாகோசி.

முதல் டானைக் குறிக்கும் சோடான் எனும் சொல் தொடக்கப் படி எனப் பொருள்படும். எனவே கறுப்புப் பட்டை கல்வியின் நிறைவைக் குறிப்பதன்று. அடிப்படையைக் கற்று முடித்தமையையே குறிக்கிறது. பட்டை நிறங்களின் வரிசை பிரிவுக்குப் பிரிவு வேறுபடும்.

பிற்காலம்

1935 இல் வெளியான கராத்தே-டோ கியோகான் எனும் நூலில், சீனக் கை எனப் பொருள்பட்ட பழைய எழுத்துக்கு மாறாக, அதே ஒலிப்புடைய வெறுங்கை எனும் பொருள்தரும் எழுத்தைப் புனாகோசி பயன்படுத்தினார். இவரது பயிற்சிக்கூடம், இவரது புனைபெயரான சோட்டோ என்பதைக் கொண்டு சோட்டோகான் என அழைக்கப்பட்டது. 1945 இல் குண்டுவீச்சில் அது அழிந்தது. தலைமைப் பயிற்றுநராக விளங்கிய இவரது மகன் யோசித்தாக்காவும் அதே ஆண்டில் நோயால் இறந்தார்.

1949 இல் இவரது மாணவர்கள் ஜப்பான் கராத்தே சங்கத்தை நிறுவினர். கராத்தே ஒழுக்கத்தைப் பண்படுத்தும் வழி எனக் கருதிய புனாகோசி, போட்டிகளை விரும்பவில்லை. இவர் 1957 ஏப்ரலில் காலமானார். அதே ஆண்டின் பிற்பகுதியில் அச்சங்கம் தனது முதல் அனைத்து ஜப்பான் போட்டியை நடத்தியது. இவருக்குப் பின் மாணவர்கள் பல அமைப்புகளாகப் பிரிந்து, தனித்தனியே டான் வழங்கலாயினர். இதனால் ஓர் அமைப்பின் தரநிலையை மற்றோர் அமைப்பு அப்படியே ஏற்பது உறுதியன்று. 1968 இல் காமகூராவின் எங்காக்கு-சி கோயிலில் புனாகோசிக்கு நினைவுக்கல் அமைக்கப்பட்டது.