மாக்சிமிலியன் ரோபெஸ்பியர்
மாக்சிமிலியன் ரோபெஸ்பியர் (மே 6, 1758 – ஜூலை 28, 1794) பிரெஞ்சுப் புரட்சித் தலைவர்களுள் ஒருவர். அராஸ் நகரில் பிறந்த வழக்கறிஞரான இவர், 1791-இல் மரண தண்டனையை ஒழிக்கக் கோரியவர் என்பது வியப்புக்குரியது.

1793 ஜூலையில் பொதுநலப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தார். தேவாலயங்கள் மூடப்பட்டு, குருமார் பலர் கொல்லப்பட்டமையால் அக்காலத்துப் பயங்கர ஆட்சி இறைமறுப்பின் விளைவாகச் சுட்டப்படுவதுண்டு. ஆனால் ரோபெஸ்பியர் நாத்திகர் அல்லர். இறைமறுப்பைக் கடுமையாக எதிர்த்தவர். தேவாலய எதிர்ப்பில் முன்னின்ற எபேர் 1794 மார்ச்சில் கில்லட்டினில் கொல்லப்பட்டார். ஜூன் 8 அன்று ரோபெஸ்பியர் தலைமையில் பாரிசில் பரம்பொருளுக்கு விழா எடுக்கப்பட்டது. இரு நாட்களில், குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு வழக்கறிஞர் உதவியை மறுக்கும் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஏழு வாரங்களில் அந்நகரில் மட்டும் 1,300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பின்னர் பதவி இழந்த ரோபெஸ்பியரும் விசாரணையின்றிக் கில்லட்டினில் கொல்லப்பட்டார்.