தஸ்தயேவ்ஸ்கியின் இரவுகள்

நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரியும் வீடுகள் நம் குடியிருப்பில் சில உண்டு. உங்கள் வீடும் அதில் ஒன்று என்றால், 'குற்றமும் தண்டனையும்' எழுதிய ரஷ்யரின் கதை உங்களுக்குத்தான்.

1821-ல் மாஸ்கோவில் பிறந்தவர். அரசுக்கு எதிரான குழுவில் சேர்ந்தார் என்று 1849-ல் கைதாகி, சைபீரியாவில் நான்காண்டு கடுஞ்சிறை. பிறகு அங்கேயே படைவீரராக இருந்தபோது, 1857-ல், இது வலிப்பு நோய்தான் என்று ராணுவ மருத்துவர் உறுதிசெய்தார்.

அவருக்கு எழுத வருவது இரவில்தான். வீடு அடங்கியபின் தேநீரும் சிகரெட்டுமாக உட்கார்ந்தால், விடியும் நேரத்தில்தான் படுப்பார். வலிப்பும் பெரும்பாலும் இரவிலேயே வந்தது. வந்து போனபின் சில நாட்கள் மனம் இருண்டு கிடக்கும், நினைவு தடுமாறும். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து வைத்தார்.

கண்விழித்ததால்தான் அவருக்கு நோய் வந்தது என்று நினைக்காதீர்கள். நோயை உண்டாக்குவது வேறு, இருக்கும் நோயைக் கிளப்பிவிடுவது வேறு. தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம். வலிப்பு வந்தால் தூக்கம் கெடும். சிலருக்குத் தூக்கத்திலோ விழித்தெழும்போதோ மட்டுமே வரும். அதனால்தான் நேரத்துக்குத் தூங்குவதையும் மாத்திரையைப் போலவே விடாமல் கடைப்பிடிக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. அவர் காலத்தில் நல்ல மாத்திரையே கிடையாது. ஃபீனோபார்பிட்டால் வந்தது 1912-ல்.

1866 அக்டோபரில், பதிப்பாளருக்குக் கொடுத்த கெடு நெருங்க, 'சூதாடி' நாவலை 26 நாளில் முடித்தார். இரவில் எழுதியதைப் பகலில் அவர் சொல்லச் சொல்ல, சுருக்கெழுத்தில் எடுத்தவர் அன்னா. அடுத்த ஆண்டே திருமணம். அவருக்கு 45, அன்னாவுக்கு 20. மணமான சில நாட்களிலேயே வலிப்பை நேரில் பார்த்தார் அன்னா. மிரண்டாலும் ஓடிவிடவில்லை. நடு இரவில் அலறல் கேட்டு எழுந்து அவரைத் தாங்கிப் பிடிப்பது பிறகு வழக்கமாகிவிட்டது.

பக்கத்து அறையில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலையில் அடிபடாமல் பாருங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவி வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸ்.

1878 மே மாதம் அவர்களுடைய கடைசி மகன் அலெக்சி, மூன்று வயதுகூட நிறையாதவன், வலிப்பில் இறந்தான். தன் நோய் பிள்ளைக்கும் வந்துவிட்டதே என்ற எண்ணம் அவரை வாட்டியது. அதன்பின் எழுதிய 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் கடைசித் தம்பிக்கு வைத்த பெயர் அலெக்சி.