விரல் நுனியிற் கல்விக்கண் திறந்த லூயி பிறெயில்

எண்ணையும் எழுத்தையும் மக்களுக்குக் கண்ணெனக் கொண்டது தமிழ் மரபு. முகத்துக் கண்ணை இழந்தார்க்கு அந்த இரண்டாங் கண்ணையேனும் திறந்து வைத்தல் எங்ஙனம் என்ற வினாவுக்கு உலகம் நெடுங்காலம் விடை காணாதிருந்தது. பிறவிக் குருடராகிய அந்தகக்கவி வீரராகவ முதலியார், முதுகில் எழுத்துகளை எழுதுவித்து அத்தீண்டலாற் கல்வி பயின்றார் என்பதும், ஈழநாடு போந்து பரராசசேகர மன்னனைப் பாடிப் பரிசில் பெற்றார் என்பதும் வழிவழியாக வழங்கும் செய்திகள். அத்துணைப் பெரும் புலவரும் தாம் பாடியதை எழுதப் பிறர் கையையும், எழுதியதைப் படிக்கப் பிறர் கண்ணையும் வேண்டியே நின்றார். அந்நிலையை மாற்றித் தாமே படிக்கவும் தாமே எழுதவும் வழிகண்டவர் பிரான்சு தேயத்துப் பிறந்த லூயி பிறெயில் என்னும் பெருந்தகை. எமது கல்லூரியின் விழா மலரில் அவர்தம் வாழ்க்கையைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பாரிசு மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கூவ்றே என்னுஞ் சிற்றூரில், 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பிறெயில் பிறந்தார். தந்தையார் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்யும் தொழிலினர். மூன்று வயதுக் குழந்தையாயிருந்தபோது, தந்தையாரின் பட்டறையில் தோல் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாட, அது கை தவறிக் கண்ணிற் பாய்ந்தது. புண் சீழ்கொண்டு மற்றைக் கண்ணையும் பற்றியது. கிருமிகளைப் பற்றிய அறிவோ, அவற்றைக் கொல்லும் மருந்தோ இல்லாத காலம் அது. ஐந்து வயது நிரம்புமுன் குழந்தை இரு கண்ணும் இழந்தது.

பெற்றோர் மகனை மூலையிருத்தி வளர்த்தாரல்லர். பார்வையற்ற பிள்ளைகள் பலர் தெருவில் இரந்துண்ட அந்நாளில், அவ்வூர்ப் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் துணைநிற்க, அவர் ஏனைய சிறாரோடு ஒரே வாங்கில் அமர்ந்து பாடங் கேட்டார். கேட்டதை மறவாத நினைவாற்றலால் வகுப்பில் முன்னின்றார். ஆயினும் செவிவழி வந்த கல்வி செவியோடே நின்றது. புத்தகத்தைத் திறந்து பிறர் படிக்குங்காற் கைகட்டி இருப்பதே அவர் பங்காயிற்று.

1819ஆம் ஆண்டு, பத்து வயதில், பாரிசிலிருந்த பார்வையற்ற இளைஞர்க்கான அரச கல்விக்கழகத்திற் சேர்க்கப்பட்டார். வலன்ரின் ஆயுயி என்பார் தொடங்கிய அக்கழகமே, பார்வையற்றார்க்கென உலகில் எழுந்த கல்விச் சாலைகளுள் முதன்மையானது. அங்கு ஈரத்தாளை ஈய அச்சின்மீது அழுத்தி, வழக்கமான உரோம எழுத்துகளையே புடைப்பாகத் தோற்றுவித்த நூல்கள் இருந்தன. அவை சிலவே, அவையும் பெருஞ் சுமையானவை. ஒவ்வோரெழுத்தின் வளைவையும் விரலால் வழிபற்றி உணர்வதற்குள் முன்னெழுத்து மறந்துபோம். மாணவர் அம்முறையிலே தாமே எழுதுதல் இயலாது. கண்ணுக்கென அமைந்த வடிவத்தை விரலின்மேற் சுமத்தியதே அதன் குறையாம்.

1821ஆம் ஆண்டளவிற் சாள்ஸ் பாபியே என்னும் முன்னாட் படைத்தலைவர், புள்ளிகளாலான எழுத்துமுறை ஒன்றைக் கழகத்துக்குக் கொணர்ந்தார். தாளிற் குத்தி எழுப்பிய புள்ளிகளை விரல் எளிதில் உணர்ந்தது. ஆயினும் அதில் ஓர் அடையாளத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டியிருந்தன. விரல் நுனி ஒன்றின்கீழ் அவை அடங்கவில்லை. மேலும் அது ஒலிகளை மட்டுமே குறித்தது. சொற்களின் எழுத்தமைதிக்கும், நிறுத்தக் குறிகளுக்கும், எண்ணுக்கும், இசைக்கும் அதில் இடமில்லை. பார்வையற்றார்க்கு இஃது அமையும் என்று கண்ணுடையார் கருதியதை, அமையாது என்று உணர்ந்தவர் பன்னிரண்டு வயதுச் சிறுவராகிய பிறெயில்.

விடுமுறையிற் சொந்த ஊரிலும், இரவிற் பள்ளித் துயிற்கூடத்திலும் அவர் முயன்றார். 1824ஆம் ஆண்டில், தமது பதினைந்தாம் வயதில், முறையின் அடிப்படையை வகுத்து முடித்தார். பன்னிரண்டைப் பாதியாக்கி, நிரைக்கு மூன்றாக இரு நிரைகளில் ஆறு புள்ளிகளை நிறுத்தினார். விரலை ஒருமுறை வைத்தாலே முழு எழுத்தும் உணரப்படும். ஆறு புள்ளிகளுள் எழுந்தனவும் எழாதனவுமாக மாற 63 வடிவங்கள் கிடைத்தன. முதற் பத்து எழுத்துகள் மேல் நான்கு புள்ளிகளால் அமைந்தன. அவற்றோடு கீழ்ப்புள்ளி ஒன்றைக் கூட்ட அடுத்த பத்து எழுத்துகள் பிறந்தன. இவ்வொழுங்கினால் மாணவர் விரைவிற் கற்றனர். எழுதுகருவியும் எளியது: சட்டம் ஒன்று, ஊசி ஒன்று. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர்க்கு அது புதுமையாகத் தோன்றியிராது. வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பர். கண்ணைக் கெடுத்ததும் ஊசி. கல்விக்கண் தந்ததும் ஊசி.

1829ஆம் ஆண்டில் உரைநடையையும் இசையையும் இம்முறையில் எழுதும் விதத்தை விளக்கி நூல் வெளியிட்டார். அதன் முன்னுரையில் பாபியேக்குத் தாம் பட்ட கடனை மறைக்காது கூறினார். 1837ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில், முன்பு புள்ளிகளோடு கலந்திருந்த கோடுகளை நீக்கினார். இதனிடையே தாம் பயின்ற கழகத்திலேயே ஆசிரியரானார். பாரிசுத் தேவாலயங்களில் ஓகன் என்னும் இசைக்கருவியை மீட்டுபவராகவும் விளங்கினார். ஈகையிற் சிறந்தவர். தமக்குக் கடன்பட்டோர் எழுதித் தந்த சீட்டுகள் கொண்ட பேழையைத் தம் மறைவின்பின் எரித்துவிடும்படி பணித்தார் என அவர் நண்பர் எழுதிய வரலாற்றால் அறிகின்றோம்.

ஆயினும் அவர் முறையை உலகம் உடனே ஏற்றதில்லை. 1840ஆம் ஆண்டிற் கழகத் தலைமை மாறியது. புதிய தலைவர் புள்ளியெழுத்தை விலக்கினார். கண்ணுடையார் படிக்கவியலாத எழுத்து, பார்வையற்றோரை ஏனையோரினின்றும் பிரித்துவிடும் என்பதே அக்காலத்தார் கூறிய நியாயம். மாணவர்களோ அதைக் கைவிடாமல் மறைவிற் பயின்றுவந்தனர். தமக்குப் பயன்படுவது எது என்பதை அவர்கள் விரல்கள் அறிந்திருந்தன. துணைத் தலைவராகிய குவாடே அவ்வுண்மையைக் கண்டு தலைவரின் மனத்தை மாற்றினார். 1844ஆம் ஆண்டு பெப்ரவரியில், புதிய கட்டடத் திறப்பு விழாவில், சொல்லச் சொல்ல எழுதுவதையும், எழுதியதைப் படிப்பதையும் அவையோர் முன் மாணவர் செய்துகாட்டினர். ஐயம் நீங்கிற்று.

பிறெயில் செய்த மற்றொரு பணியைப் பலர் அறியார். கண்ணுடையாரோடு தொடர்பு அறலாகாது என்ற கவலை அவருக்கும் இருந்தது. ஆதலின் 1839ஆம் ஆண்டில், புள்ளிகளை நெருங்க அடுக்கி வழக்கமான எழுத்துகளின் வடிவையே அமைக்கும் முறையொன்றை வெளியிட்டார். பார்வையற்ற நண்பராகிய பூக்கோ அதற்கென ஒரு பொறியை இயற்றினார். அதனாற் பார்வையற்ற மகன், கண்ணுடைய தாய்க்குப் பிறர் உதவியின்றி மடல் வரையலாயிற்று. பின்னாளிற் கணினி அச்சுப்பொறிகள் புள்ளிகளால் எழுத்தமைத்த முறைக்கு அது முன்னோடி எனல் மிகையன்று.

ஈளைநோய் பல்லாண்டு அவரை வருத்தியது. 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், 43ஆம் வயது நிறைந்த இரண்டாம் நாள், உயிர் நீத்தார். இரண்டாண்டு கழித்து, 1854இல், அவர் முறை அக்கழகத்தில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. 1878ஆம் ஆண்டுப் பாரிசு மாநாடு அதனைப் பிற நாடுகளுக்கும் உரியதாக்கியது. நூறாண்டு நிறைந்த 1952இல், அவர் உடலைப் பிரான்சின் பெருமக்கள் துயிலும் பாந்தியனுக்குக் கொண்டு சென்றனர். எழுத்தைக் கண்ட கைகள் மட்டும் பிறந்த ஊரிலேயே வைக்கப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டிலும் அவ்வெழுத்து வேரூன்றியது. பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டில் ஆஸ்குவித் அம்மையார் பார்வையற்றார்க்குப் பள்ளி தொடங்கினார். இலங்கையில் 1912ஆம் ஆண்டிற் சப்மன் அம்மையார் தொடங்கிய பள்ளி இரத்மலானையில் நிலைபெற்றது. 1951ஆம் ஆண்டில், யுனெஸ்கோவின் முயற்சியால், இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிறெயில் உருவாயிற்று. அதில் அகரம் ஒரு புள்ளி, ககரம் இரண்டு, மகரம் மூன்று. கொம்பும் காலும் முன்னும் பின்னும் நிற்கும் நம் அச்செழுத்தின் சிக்கல் அதில் இல்லை. மெய்யை அடுத்து உயிர் ஒழுங்காக வரும். யாழ்ப்பாணத்திற் கைதடி நஃபீல்ட் பாடசாலையும் சுன்னாகம் வாழ்வகமும் இப்பணியாற் பெயர் பெற்றவை. 2009 வரை நீண்ட போரிற் செல்லும் கண்ணிவெடியும் நம் மண்ணிற் பலர் கண்ணொளியைப் பறித்தமையால் அப்பணியின் அருமை இருமடங்காயிற்று.

இற்றை நாளில் ஆறு புள்ளிகள் கணினியினுள்ளும் புகுந்துள்ளன. மின்விசையால் எழுந்தமரும் நுண்ணூசிகள் நிரையாக அமைந்த பலகை, திரையில் உள்ளதை வரிவரியாக விரலுக்குக் காட்டுகின்றது. திரைவாசிப்பு மென்பொருள் எழுத்தைக் குரலாக்குகின்றது. 2006இல் அவுத்திரேலியாவிற் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய அத்தகைய மென்பொருளொன்று, உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கின்றது. உரிமையாளரின் தனி இசைவின்றியே நூல்களைப் பார்வையற்றார்க்கேற்ற வடிவில் ஆக்க இடந்தரும் மராக்கேசு உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு, 2016இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவு இருந்தும் ஒரு தடை நம் கையாலேயே விளைகின்றது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த தமிழ், கண்ணுக்கே தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். அகரம் அங்கே எம் என்னும் எழுத்தாகவும், மகரம் கே என்னும் எழுத்தாகவும் கிடக்கும். அம்மா என்று எழுதியதைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஒலியாக உளறும். பக்கங்களைப் படமாக எடுத்து அனுப்பினாலோ அது வாய் திறவாது. பழைய புடைப்பெழுத்து நூல்களின் குறையும் இதுவேயன்றோ? ஆக்குவோர் கண்ணுக்கு அழகாயிருந்தது. படிப்போர் விரலுக்கு எட்டவில்லை.

நீக்குதல் அரிதன்று. யுனிக்கோட் முறையில் தட்டெழுதுதல், தலைப்பைத் தலைப்பென்றே கணினிக்கு உணர்த்துதல், படத்தில் உள்ளது யாதென ஒருவரி எழுதுதல் ஆகிய இவற்றுக்குப் பொருட்செலவு வேண்டா. நினைவு ஒன்றே வேண்டும். செய்தது அமைந்ததா என்பதைக் கண்ணுடையார் தாமே தீர்மானியாது, பயன்படுத்தும் பார்வையற்றாரைக் கேட்டுத் துணிதல் வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவர் சொல்லைக் கேளாதிருந்தால் உலகம் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு என்பதைப் பிறெயிலின் வரலாறு காட்டும்.

ஆதலின் பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இன்று பயிலும் மாணவர்க்கும் எமது விண்ணப்பம் ஒன்றுண்டு. இவ்விழா மலர் அச்சேறும்போதே, திரைவாசிப்பானுக்கு ஏற்ற யுனிக்கோட் படியொன்றும் ஆயத்தமாகுக. பழைய குழுப்படங்களின்கீழ் நிற்பவர் பெயரோடு காட்சியும் எழுத்தில் இடம்பெறுக. அப்படி கைதடிக்கும் சுன்னாகத்துக்கும் செல்லுக. மலரை விரலாலும் செவியாலும் படிப்போர் ஒருவர் உளரேனும், அவரும் நம் வாசகரே.